பினாயில் ஊற்றிக் கழுவிய புட்டி

பிள்ளைகளே, எண்பதுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம். திண்டிவனத்தில் ஓர் ஆஸ்பத்திரி. என் இரண்டு வயது மகள் நிற்காத வயிற்றுப்போக்கில், அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தாள்.

சென்னையிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்திருந்த ஓர் அம்மா என்னிடம் சின்னப் புட்டி ஒன்றைக் கொடுத்தார். குழந்தை மலம் கழித்ததும் அதில் கொஞ்சம் எடுத்துத் தர வேண்டும். அதிலுள்ள கிருமியை உயிரோடு வளர்த்து, விஷத்தை உண்டாக்கும் மரபணு அதற்குள் இருக்கிறதா என்று பார்ப்பார்களாம்.

"இருந்துச்சுன்னா உங்க தெருக் கிணத்தையும் வந்து பார்ப்போம்" என்றார்.

புட்டிக்குள் கூழ் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. எங்கள் பக்கம் அடுத்தவர் பாத்திரத்தை அழுக்கோடு திருப்பித் தர மாட்டோம். எதிர் டீக்கடையில் வெந்நீர் கேட்டேன்.

"இன்னாப்பா, புட்டியக் குளிப்பாட்டிப் பொட்டு வெக்கப் போறியா?" என்று சிரித்தார் கடைக்காரர்.

வெந்நீரில் அலசியும் மனம் ஆறவில்லை. ஆஸ்பத்திரிப் பினாயிலையும் ஊற்றிக் குலுக்கினேன். அதில்தான் மலத்தை எடுத்துக் கொடுத்தேன்.

உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரில் மகள் தேறிவிட்டாள். சில வாரம் கழித்து அவளைக் காட்டப் போனபோது அந்த அம்மா கேட்டார்: "கிருமி ஒண்ணுமே வளரலைங்க. புட்டியக் கழுவினீங்களா? அந்தக் கூழ்தான் கிருமிய உயிரோட வெச்சிருக்கும்."

"இல்லீங்களே" என்றேன். படித்தவர் முன்னால் முட்டாளாக நிற்க வெட்கம். எழுதிக்கொண்டு போய்விட்டார். எங்கள் கிணற்றைப் பார்க்க யாரும் வரவில்லை.

அடுத்த மாதம் பக்கத்து வீட்டுப் பையனுக்கு அதே பேதி. அவன் அப்பாவும் நானும் ஒன்றாகக் கடலைக் கொல்லைக்கு மல்லாட்டை பிடுங்கப் போகிறவர்கள். பையனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினோம்.

"அண்ணே, கண்ணு சொருவுதுண்ணே! ஜல்தி ஓட்டச் சொல்லுண்ணே" என்று அவர் கதறிக்கொண்டே வந்தார்.

மறுநாள் பையன் போய்விட்டான். அவனிடம் எடுத்த கிருமியில் அந்த மரபணு இருந்ததாம். அதன்பிறகுதான் வந்து கிணற்றில் மருந்து போட்டார்கள்.

பையனின் காரியம் முடிந்ததும் அவன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"உம் பொண்ணு பொழச்சிக்கிச்சில்ல. வூட்டுக்குப் போண்ணே" என்றார்.

அதற்குப் பிறகு அவர் என்னோடு வேலைக்கு வரவில்லை. நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தப் பையன் பிழைத்திருப்பானா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் வழியை நானே அடைத்துவிட்டேன் என்பதுதான், பிள்ளைகளே, இத்தனை வருஷம் கழித்தும் என்னைத் தின்கிறது.