சொரசொரப்பும் வழவழப்பும்

தாவரத் தோட்டத்தில் பெயர்ப்பலகை எழுதுவது என் வேலை. வருகிறவர்கள் செடியைப் பார்க்கிறார்களோ இல்லையோ, பலகை மேல் சாய்ந்து படம் எடுத்துக்கொள்வார்கள். நாசமாய்ப் போக.

கண்ணாடி வீட்டில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பாத்திகள். இரண்டு செடிக்கும் ஒரே குடும்பம், ஒரே பேரினம். இனம் மட்டும் வேறு. வெள்ளைப் பூ பூப்பது சாக்கடை ஓரத்தில்கூட முளைக்கும், நாடு நாடாகப் பரவிய கழுதை. அதற்கு ‘ஆபத்து இல்லை’ என்று எழுதியிருந்தேன். நீலப் பூ பூப்பது உலகத்திலேயே ஒரு குன்றின் சரிவில் மட்டும் இருந்தது. போன மழையில் அந்தச் சரிவே இடிந்து விழுந்தது. மிச்சம் எங்கள் பாத்திதான். அதற்கு ‘அழியும் தறுவாயில்.’

பூக்கும்வரை இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோல இருக்கும். வெள்ளையின் விதை நீலத்தின் பாத்தியில் விழுந்து முளைத்துவிடும். களையெடுக்கும் அக்கா இலையின் அடியைப் பெருவிரலால் தடவுவார். சொரசொரப்பு என்றால் நீலம், விட்டுவிடுவார். வழவழப்பு என்றால் வெள்ளை, பிடுங்கிவிடுவார். குனிந்துகூடப் பார்க்க மாட்டார். அதனால் எங்களுக்கு அவர் ‘பெருவிரல் அக்கா’.

அவர் கணவர் திடீரென்று இறந்துபோனார். ஒரே வாரத்தில் அக்கா வேலைக்கு வந்துவிட்டார். அழவில்லை.

“சாப்டீங்களாக்கா?”

“சாப்டேன்னுதான் நெனைக்கிறேன்.”

விரல் தடவியது, கை பிடுங்கியது, ஆள்தான் அங்கே இல்லை.

சில மாதம் கழித்து நீலத்தின் பாத்தி பூத்தது. அத்தனையும் வெள்ளை.

“என்னக்கா பண்ணி வெச்சிருக்கீங்க!” என்று அந்தப் பாத்திகளுக்குப் பொறுப்பான ஆய்வாளர் மேடம் கத்தினார்.

“மாத்திப் பிடுங்கிட்டேன் போல,” என்றார் அக்கா, மணி கேட்டால் சொல்வதுபோல.

உரக்குழியை எல்லோருமாகக் கிளறினோம். எல்லாம் மக்கிப் போயிருந்தது. ஒரே ஒரு கட்டை மட்டும் வேரோடு கிடைத்தது, காய்ந்த குச்சி. அக்கா அதைத் தொட்டியில் நட்டு, தினமும் தண்ணீர் ஊற்றினார். ஒரு துளிர் இல்லை.

கடைசியில் மேடம் என்னிடம் ‘அற்றுப்போனது’ என்று மாற்றி எழுதச் சொன்னார். பெயிண்ட் டப்பாவைத் திறந்தேன்.

“அதை எழுதாதீங்க தம்பி.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “செத்ததுக்கு யாராச்சும் தண்ணி ஊத்துவாங்களாக்கா?”

அக்கா குவளையைச் சாய்த்தபடியே சொன்னார்: “அவர் செருப்பைக்கூட இன்னும் வாசல்லதான் வெச்சிருக்கேன். தினம் தொடைக்கிறேன்.”

நான் டப்பாவை மூடிவிட்டேன்.