இஸ்திரி வண்டிக்கு ஒரு புங்கை

மாலை நாலேகாலுக்கு, ரிவர்ஸ் எடுத்த தண்ணீர் லாரி எங்கள் அடையாறு வீட்டு வாசலில் இருந்த புங்கங்கன்றை முறித்துவிட்டது. இஸ்திரிக்காரம்மா தன் வண்டிக்கு நிழல் வேண்டுமென்று நட்டது அது. என்னிடம் வாய் திறக்காத என் மகன் அதற்குத் தினமும் தண்ணீர் ஊற்றுவான். ஒல்லியான அந்த அம்மா, துணிக்குத் தெளிக்கும் நீரில் இரண்டு சொட்டு அவன் முகத்திலும் தெளிப்பார், அவன் சிரிப்பான். அந்தச் சிரிப்பை என்னால் பொறுத்துக்கொள்ள முடிந்ததில்லை.

முறிந்த கன்றைப் பார்த்தவன், கைப்பேசியைக்கூட எடுக்காமல் எங்கோ போய்விட்டான். பதறிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

"கிண்டிக்குப் போயிக்கீறான்மா, வேற கன்னு வாங்க. உன்னாண்ட சொல்லலியா?" என்றார் இஸ்திரிக்காரம்மா.

அவருக்குப் பக்கத்திலேயே, அதே வெயிலில் காத்து நின்றேன்.

கன்றோடு மகன் ஆட்டோவில் வந்து இறங்கினான். நேராக இஸ்திரிக்காரம்மாவிடம் போனான்.

"அக்கா, நகராம நில்லு. வெயில் உன்மேல எங்கருந்து விழுதுன்னு பாக்கறேன்."