உரிய வழியில் போன சிறுநீரகம்

நான்கு சென்டிமீட்டருக்கு உட்பட்ட சிறுநீரகக் கட்டி என்றால், இயன்றவரை கட்டியை மட்டும் நீக்கிச் சிறுநீரகத்தைக் காக்க வேண்டும். மருத்துவ நெறிமுறை இது. என் கட்டி மூன்று சென்டிமீட்டர்கூட இல்லை. ஆனால் விதி இருப்பது வேறு, அது நமக்குப் பொருந்துவது வேறு. ஆட்சியர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

வைகாசிக் கடைசியில் முதுகு வலித்தது. சாரல் தொடங்கியிருந்தது. தென்காசிக்காரன் முதுகுவலிக்கு ஐந்தருவியில் நின்று அடிவாங்குவான். நானும் வாங்கினேன். வலி கூடியதும் ஸ்கேன் எடுத்தார்கள். முதுகில் ஒன்றுமில்லை, இடது சிறுநீரகத்தில் கட்டி. சிறிய கட்டிகள் பெரும்பாலும் வலிப்பதில்லை. வேறெதையோ தேடும்போது அகப்படுபவை. சி.டி. ஸ்கேன் (குறுக்குவெட்டுப் படம்) பார்த்து, புற்றுநோயாக இருக்கலாம் என்றார்கள்.

"எடது கிட்னிய முழுசா எடுத்துருவோம் அண்ணாச்சி. அதான் வலது இருக்குல்லா" என்றார் எங்கள் ஊர் மருத்துவர்.

என் வலது சிறுநீரகம் ஏற்கெனவே சுருங்கிப்போன ஒன்று. இடதும் போனால் டயாலிசிஸ் (இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்திகரிப்பது) நிச்சயம். விதியைச் சொன்னேன். மதுரையில் கருத்துக் கேட்க ஒப்புக்கொண்டவர், ஆனி கடைசி வெள்ளியன்று அறுவைக்கு நாளும் குறித்துவிட்டார்.

படங்களை நானே மதுரைக்குக் கொண்டுபோயிருக்கலாம். மருத்துவமனை வழியாகவே அனுப்பச் சொன்னேன். உரிய வழியில் வராத மனுக்களைத் திருப்பி அனுப்பியே சம்பளம் வாங்கியவன் நான்.

பதில் வரவில்லை. சிறுநீர் கழிக்கும்போதெல்லாம் இது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று யோசித்தேன். மனைவி செண்பகத்திடம், "நினைவூட்டு அனுப்பச் சொல்லிருக்கேன்" என்றேன்.

"ஒங்க கிட்னி என்ன பட்டா மாறுதலா, நெனவூட்டு அனுப்புததுக்கு? எந்திரிங்க, மதுர பஸ்ஸ பிடிப்போம்."

"முன்அனுமதி வாங்காம எப்படி?"

"நான் பேசிக்கிடுதேன். நீங்க வாயத் தொறக்காம வந்தாப் போதும்."

மதுரையில் சிறுநீரக அறுவை மருத்துவரான அம்மா, நாங்கள் கையோடு வாங்கிப்போன படங்களை விளக்கில் பிடித்துப் பார்த்தார். "கட்டி ஓரமாத்தான்யா இருக்கு. அத மட்டும் எடுக்கலாம்."

மதுரையிலேயே அறுவை. அரங்கில் செவிலி, "எந்தப் பக்கம் ஐயா?" என்று கேட்டாள். சரிபார்க்கும் நடைமுறைதான், எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், மயக்கம் வரும்வரை "இடது, இடது" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

சோதனையில் புற்றுநோய்தான். வெட்டிய விளிம்பில் நோயில்லை. சிறுநீரகம் மிச்சம்.

இப்போது என் கை அடிக்கடி தானாக இடது விலாவுக்குப் போகிறது. உள்ளே ஓர் உறுப்பு வேலை செய்கிறது என்ற நினைப்பில்லாமல் வாழ்ந்த காலம் முடிந்துவிட்டது. ஆண்டு எனக்குச் சித்திரையில் பிறப்பதில்லை. ஒரு ஸ்கேனில் பிறந்து அடுத்த ஸ்கேனில் முடிகிறது. இடையில் உள்ளதை வாழ்கிறேன், பயந்தபடிதான்.

இதே இடத்தில் நிற்பவர்களுக்கு ஒன்று: படங்களைக் கையில் வாங்கிக்கொண்டு நேரே போய்க் கதவைத் தட்டுங்கள்.

உரிய வழியில் கேட்டதற்கும் பதில் வராமலில்லை. "கட்டியை மட்டும் நீக்குவதே உகந்தது" என்று எழுதியிருந்தது. முழுச் சிறுநீரகத்தையும் எடுக்கக் குறித்த ஆனி கடைசி வெள்ளி கடந்துபோயிருந்தது. பதில் வந்த நாள், ஆடி அமாவாசை.