காற்றுக்குக் கணக்குப் போட்ட மாமா

எங்கள் மாமாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். அம்மாவின் தம்பி அவர். ஈப்போவில் ஓர் ஏர்கோன் கடையில் சம்பளத்துக்கு இருந்தார். வீடு வீடாகப் போய் ஏர்கோன் மாட்டுவதும் கழுவுவதும்தான் வேலை. ஆனால் அவர் பேச்சைக் கேட்டால், ஈப்போவில் வீசுகிற காற்றெல்லாம் இவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் வீசுகிறது என்று நினைத்துக்கொள்வீர்கள். "காத்துக்குக் கணக்குப் போடத் தெரிஞ்சவன் நம்ம ஊர்ல வேற யாரு இருக்கா, சொல்லு பாப்போம்?" என்பார்.

அப்பா தோட்டத்தில் பிறந்தவர். கணக்கு என்றாலே அவருக்குத் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணிதான் ஞாபகம் வரும். அதனால் மாமாவுக்குக் கிராணி என்றே பெயர் வைத்துவிட்டார். "வாங்க கிராணியாரே, இன்னிக்கு என்ன கணக்கு?" என்று அப்பா ஆரம்பித்தால், தம்பியை விட்டுக்கொடுக்க முடியாமலும் புருஷனை எதிர்க்க முடியாமலும் அம்மா அடுப்படிக்குள் போய்விடுவார்.

கேலியில் நியாயம் இல்லாமல் இல்லை. மாமா கணக்குப் போட்டுக் கட்டிக்கொடுத்த கோழிக்கூடு முதல் மழைக்கே படுத்துவிட்டது. அவர் பைப் மாற்றிய மறுநாள் குளியலறையில் கணுக்கால்வரை தண்ணீர். இந்த லட்சணத்தில், லகாட்டில் எங்கள் வீட்டை ஒட்டியிருந்த பழைய கொட்டகையைத் தனக்குக் கொடுக்கும்படி அப்பாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அங்கே சொந்தமாக ஏர்கோன் கடை போட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அப்பா பிடி கொடுக்கவே இல்லை. "மொதல்ல ஒரே ஒரு கணக்காச்சும் சரியா வரட்டும் மாப்ள. அப்புறம் பாக்கலாம்."

அந்தச் சமயத்தில்தான் ஹோவர்கிராஃப்ட் வந்து சேர்ந்தது. நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு. ஈப்போவில் ஓர் அறிவியல் போட்டி. காற்றில் மிதக்கிற பலகை ஒன்றைச் செய்ய வேண்டும், வீட்டுப் பெரியவர் ஒருவர் உதவலாம். வெறுமனே மிதந்தால் போதாது. பலகை எத்தனை கிலோ தூக்கும் என்று முன்னாலேயே கணக்குப் போட்டுச் சொல்லிவிட வேண்டும். பிறகு மாணவர் ஏறி உட்கார, பலகை தரையில் உரசும்வரை ஒரு கிலோ மணல் பைகளாக ஏற்றிக்கொண்டே போவார்கள். மாணவரின் எடையும் மணலின் எடையும் சேர்ந்து, சொன்ன எண்ணுக்கு யாருக்குப் பக்கத்தில் வருகிறதோ அவருக்குப் பரிசு.

மாமா குதித்தே விட்டார். "உங்கப்பா கண்ணு முன்னாடியே காட்டுறேன் பாப்பா!"

எனக்கோ போக மனமில்லை. எடை என்ற சொல்லே எனக்கு ஆகாது. முந்தைய ஆண்டு உடற்கல்வி ஆசிரியர் எங்களை வரிசையாகத் தராசில் ஏற்றி, ஒவ்வொருவர் எடையையும் உரக்கச் சொல்லி எழுதிக்கொண்டார். என் முறை வந்தபோது நாற்பத்திரண்டு என்றார். வகுப்பிலேயே அதுதான் பெரிய எண். அன்று மத்தியானத்திலிருந்து பையன்களுக்கு நான் 'கேஸ் தோங்' ஆனேன், குண்டு கேஸ் சிலிண்டர். சமையல் கேஸ் லோரி பள்ளியைக் கடந்து போனால்கூட எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பும். அதற்குப் பிறகு நான் தராசு இருக்கும் திசைக்கே போகவில்லை. சட்டை இறுக்கியது, காலணி மாறியது. எடை மட்டும் நாற்பத்திரண்டிலேயே நிற்கிறது என்று நான் முடிவு செய்து வைத்திருந்தேன்.

மாமா எங்கள் காரேஜில் வேலையை ஆரம்பித்தார். வட்டமாக அறுத்த பிளைவுட் பலகை, அதன் அடியில் இறுக்கி அடித்த கேன்வாஸ், நடுவில் காற்று வெளியேற ஓட்டைகள், மேலே காற்றை ஊதும் ஒரு ப்ளோவர். உள்ளே தெரிகிற ரப்பர் குழாயை வளைத்து அதில் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையைப் பலகைக்கு அடியில் விட்டார். ப்ளோவரைப் போட்டதும் மறு பக்கத்துத் தண்ணீர் மேலே ஏறியது. அதை ஸ்கேல் வைத்து அளந்தார். "சதுர அடிக்கு ஆறு கிலோ தூக்கும். இப்ப பலகை ஒம்பதரைச் சதுர அடி. அம்பத்தேழு. பலகை, ப்ளோவர் எடைய கழிச்சா நாப்பத்தேழு. நீ எவ்வளவு பாப்பா?"

"நாப்பத்திரெண்டு."

"அப்புறம் என்னலா! மிச்சமே இருக்கு."

முதலில் என் தம்பி ஏறினான். ஒரு தள்ளுத் தள்ளியதும் கேட்வரை வழுக்கிக்கொண்டே போய்ச் சிரித்தான். பிறகு நான் ஏறினேன். ப்ளோவர் அலறியது, கேன்வாஸ் ஓரமெல்லாம் புஸ்ஸென்று காற்றுப் போனது. பலகை இம்மியும் அசையவில்லை. தம்பி தரையில் உருண்டு உருண்டு சிரிக்க, எனக்கு முகமெல்லாம் எரிந்தது. மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். உடனே குனிந்து ப்ளோவரைத் தட்டினார். "சே, கணக்குல நாந்தான் எங்கயோ தப்பு பண்ணிட்டேன். பலகை பத்தல."

மறுவாரம் நான்கடி அகலத்தில் பெரிய பலகை வந்தது. அது என்னைப் பூப்போலத் தூக்கியது. புதுக் கணக்குப்படி அறுபத்திரண்டு கிலோ தாங்கும் என்றார். ஆக, மாமா முதலில் தப்பாகத்தான் போட்டிருக்கிறார், அப்பா சொல்வது சரிதான் போல என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

போட்டியன்று அப்பா பூப்போட்ட பாத்தேக் சட்டை போட்டுக்கொண்டு மண்டபத்தில் முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். மேடையில் பலகைக்குப் பக்கத்தில் ஒரு தராசு. எனக்கு முன்னால் ஆயர் தாவார் பக்கத்துப் பையன் ஒருவன். அவன் தராசில் ஏறியதும் போட்டி நீதிபதி ஐயா மைக்கில், "அம்பத்தொண்ணு!" என்றார். மண்டபமே விசிலடித்தது. அவன் கையை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனான். பையன்களுக்கு அதெல்லாம் செல்லும்.

அடுத்து என் பெயர். என் பள்ளிப் பையன்கள் பின்வரிசையில் இருந்தார்கள். எவனோ ஒருவன் "கேஸ் வந்துருச்சு!" என்று குரல் கொடுத்தான். தராசுக்கு ஓரடி முன்னால் என் கால் நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"ஏறும்மா, பயப்படாத," என்றார் நீதிபதி.

மாமா என்னைப் பார்த்தார். பிறகு வெள்ளைப் பலகையில் தன் கையால் பெரிதாக எழுதியிருந்த அறுபத்திரண்டைப் பார்த்தார். "தராசு வேணாம் சார். நாப்பத்திரெண்டு. வீட்டுல பாத்துட்டுத்தான் வந்தோம்."

"ஏறலன்னா நீங்க சொல்றதுதான் கணக்கு. அப்புறம் மாத்த முடியாது."

"மாத்த மாட்டேன்லா சார்."

எனக்கு உயிர் வந்தது. ஓடிப்போய்ப் பலகையில் உட்கார்ந்தேன். அது எழும்பி மிதந்தது. மணல் பைகளை ஒவ்வொன்றாக என் மடியிலும் காலடியிலும் வைத்தார்கள். எட்டாவது பையில் பலகை கரகரவென்று தரையைத் தேய்த்தது. "நாப்பத்திரெண்டும் எட்டும் அம்பது," என்றார் நீதிபதி. "மாமா சொன்னது அறுபத்திரெண்டு. பன்னெண்டு கிலோ வித்தியாசம்! காத்துக்குக் கணக்கு அவ்வளவு லேசு இல்லைங்க." மண்டபம் சிரித்தது. எல்லோருக்கும் முன்னால் அப்பா சிரித்தார். கோலா கங்சார் பள்ளிக்குப் பரிசு போனது.

இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. அப்போதும் கூசியது, ஆனால் மாமாவை நினைத்து. இத்தனை பேர் முன்னால் கணக்குத் தெரியாமல் வந்து நிற்கிறாரே, இவர் போய் எனக்கு மாமாவா என்று மானம் போனது. யாரும் எங்களைச் சேர்த்துப் பார்த்துவிடக் கூடாதென்று வண்டிவரை விறுவிறுவென்று முன்னால் நடந்தேன். அவர் பின்னால் பலகையை ஒண்டியாகத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"கிராணியாரே, அந்தப் பன்னெண்டு கிலோ எங்க போச்சு? வழியில எங்கயும் விழுந்துருச்சா?" என்று வண்டியில் அப்பா விடவில்லை.

"காத்துல போயிருச்சு மச்சான்," என்று மாமாவும் சிரித்தார். கொட்டகைப் பேச்சை அதன்பிறகு அவர் எடுக்கவே இல்லை.

தீபாவளி முடிந்த வாரம் காய்ச்சல் என்று அம்மா என்னைக் கிளினிக்குக் கூட்டிப்போனார். அங்கே நர்ஸ் தராசில் ஏற்றிவிட்டார், தப்பிக்க வழியில்லை. ஐம்பத்து நான்கு. நான் அரண்டே போனேன். போட்டி முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லையே, அதற்குள் பன்னிரண்டு கிலோவா? எல்லாம் அம்மா சுட்ட முறுக்கால் வந்த வினை என்று பழியைத் தூக்கி அதன் தலையில் போட்டேன். ஐம்பத்து நான்கோடு எட்டைக் கூட்டினால் என்ன வரும் என்று பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

வருஷக் கடைசியில் மாமா ஜோகூருக்கு வேலை மாறிப் போனார். சொல்லிக்கொண்டு போக வீட்டுக்கு வந்திருந்தார். இடைநிலைப்பள்ளிக்கென்று அப்பா எனக்கு ஒரு கால்குலேட்டர் வாங்கி வைத்திருந்தார், உறைகூடப் பிரிக்காதது. அதை எடுத்துக்கொண்டுபோய் மாமாவிடம் நீட்டினேன்.

"இத வச்சுக்குங்க மாமா. அங்க போயாச்சும் கணக்கத் தப்பாப் போடாதீங்க."

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். மாமா அதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "சரிலா பாப்பா, இனிமே பாத்துப் போடுறேன்," என்றார்.

பெரியவர் ஒருவரைத் திருத்திவிட்ட பெருமையோடு நான் உள்ளே போய்ச் சாப்பிட உட்கார்ந்தேன்.