மான் தொங்கிய இரண்டு நாள்

2009 புரட்டாசியில், என்னோடு வேலை செய்த வெள்ளைக்காரர் தான் சுட்ட மானைக் குடலெடுத்து முழுசாகத் தந்தார். வீட்டிலேயே வெட்டிப் பழக எனக்கு ஆசை. லண்டன் ஸ்ட்ரெதம் வீட்டுக் கொட்டிலில் அதைத் தொங்கவிட்டுக் கத்தி தீட்டினேன்.

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை. நாளைக்குப் புரட்டாசிச் சனி. மச்சம் மாமிசத்திலை கை வைக்கக்கூடாது," என்றாள் மனைவி.

"பழுதாப்போனா உம்மடை சனீஸ்வரனோ வந்து சாப்பிடுவார்?" என்று கத்தினேன். அவள் கொட்டிலைப் பூட்டித் திறப்பைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளைக்காரர் வெட்டிக் காட்ட வந்தார். மனைவி கொட்டிலைத் திறந்துவிட்டு அருகிலேயே நின்றாள். என் கையில் கத்தியைத் தந்து தொடை மூட்டைக் காட்டினார். நுனியை நுழைத்ததும் தொடை கழன்று வந்தது.

"இப்படி இரண்டு நாள் தொங்கினால்தான் இறைச்சி மிருதுவாகும். யார் சொல்லித் தந்தது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"நான்தான்," என்றாள் மனைவி, கொஞ்சமும் கூசாமல்.

நான் கத்தியை மற்றத் தொடைக்குக் கொண்டுபோனேன்.