தேதி போட்ட தண்டனை

நடந்ததை நடந்தபடியே எழுதுவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மரியபுஷ்பம் அத்தைக்கு மிகைப்படுத்திப் பேசினால் பிடிக்காது.

மார்கழி பிறந்த முதல் சனிக்கிழமை, வெயில் ஏறிய பிறகும் அவர் வீட்டுக் கதவில் பால் பாக்கெட் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா கூப்பிட்டுப் பார்த்தார், பதில் இல்லை. அப்பா எங்களிடம் இருந்த மாற்றுச் சாவியால் திறந்தார். அத்தை தூக்கத்திலேயே இறந்திருந்தார். முன்னறை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கே.கே. நகரில் அவர் எங்கள் எதிர்வீட்டுக்காரர். உறவு இல்லை, நாங்களாகத்தான் அத்தை என்போம். பெண்கள் சிறையில் வார்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இரவெல்லாம் அந்த விளக்கு எரியும். ஏன் என்று கேட்டேன். "உள்ள லைட்ட அணைக்கவே மாட்டாகடி. அம்புட்டு வருசம் வெளிச்சத்துலயே கெடந்துட்டு, இப்ப இருட்டுன்னா தூக்கம் வர மாட்டேங்குது" என்றார்.

'தண்டனை' என்ற சொல்லை யாரும் சும்மா பயன்படுத்த அவர் விடமாட்டார். கணக்கு வகுப்பு பெரிய தண்டனை என்று நான் அலுத்துக்கொண்டால், "எந்தத் தேதி ரிலீஸ்?" என்பார். வெயில் காலத்தில் அடுப்படியில் நிற்பதே தண்டனை என்று சொன்ன அம்மாவிடமும் அதையே கேட்டார்.

"எனக்கு ஆயுள் தண்டனைக்கா" என்று அம்மா சிரித்தார்.

"ஆயுள் கைதியே வெளிய வந்திருக்காளுக. ஞாயித்துக்கிழமை ஒம் புருசனச் சமைக்கச் சொல்லி பரோல்ல வா."

அப்பா செய்தித்தாளை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டார்.

அகராதியில் 'தண்டனை'க்குப் பொருள் தேடி அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். "எல்லாம் சரி. முடியிற நாளச் சொல்லாம விட்டுட்டாகளே. தேதி இருந்தாத்தான் அது தண்டனை. இல்லாட்டி வெறுங் கோவம்" என்றார்.

ஐப்பசியில் என் அக்கா கவிதாவைப் பெண் பார்க்க வந்தார்கள். காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டு அக்கா எல்லோர் முன்னிலையிலும், "எனக்கு இதுல இஷ்டம் இல்லைங்க. அப்பாகிட்ட முன்னாடியே சொன்னேன்" என்றாள். அன்றிலிருந்து அப்பா அவளிடம் பேசவில்லை. "அவளச் சாப்பிடச் சொல்லு", "அவ வண்டியில காத்து இல்ல, சொல்லு" என்று எல்லாம் என் வழியாகத்தான். அக்கா பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பாள். சாப்பாடு இறங்காமல் மெலிந்துபோனாள்.

ஒருநாள் அத்தை மாடிப்படியில் அப்பாவை நிறுத்தினார்.

"என்ன தம்பி, மககிட்ட பேசுறதில்லையாமே?"

"அதுதான்க்கா அவளுக்குத் தண்டனை."

"சரி. எது வரைக்கும்?"

"அவளா வந்து மன்னிப்புக் கேக்குற வரைக்கும்."

"அது தேதி இல்லையே. எந்த ஜெயில்லயும் அப்படி எழுத மாட்டாக."

அப்பாவுக்கு எரிச்சல் வந்துவிட்டது. "பொங்கல் வரைக்கும். போதுமா?"

"போதும். நன்னடத்தைக்குத் தண்டனையில நாள் கொறைக்கிறதும் உண்டு தம்பி. அதையும் பாத்துக்கங்க."

அதன் பிறகு அக்காவைப் பார்க்கும்போதெல்லாம், "கவிதா, பொங்கலுக்கு ரிலீஸ்! புதுச் சேலை எடுத்து வையி!" என்று அப்பாவின் காதில் விழும்படி சத்தமாகச் சொல்வார். அக்கா பல நாட்களுக்குப் பின் சிரித்தாள். தட்டில் இன்னொரு தோசை போட்டுக்கொள்ளவும் தொடங்கினாள்.

பொங்கலுக்கு அத்தை இருக்கப் போவதில்லை என்று யாருக்கும் தெரியாது.

ஊரிலிருந்து அவருடைய அண்ணன் மகன் வந்து சேரும்வரை அக்காதான் அவர் அருகிலேயே உட்கார்ந்திருந்தாள். குளிப்பாட்டி, வெள்ளைச் சேலை உடுத்தி, தலைசீவி விட்டதும் அவள்தான். அப்பா வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அடக்கம் முடிந்து வந்து, அத்தை வீட்டைப் பூட்டுவதற்காக எல்லோரும் வெளியே வந்தோம். முன்னறை விளக்கு அப்போதும் எரிந்துகொண்டிருந்தது. அப்பா சாவியோடு நின்றார். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, வழக்கம்போல அக்காவிடம் சேர்க்க வேண்டிய செய்தி என்று நினைத்து அருகில் போனேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"கவிதா," என்றார். "அந்த லைட்ட அமத்திட்டு வாம்மா."

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சிறை வாசலில் விடுதலையாகிறவளிடம் 'போயிட்டு வா' என்று சொல்லக் கூடாதாம். 'நல்லாயிரு' என்று மட்டும் சொல்லி அனுப்புவேன் என்பார் அத்தை. நானும் அப்படியே சொல்கிறேன். நல்லாயிருங்க அத்தை.

விளக்கு அணைக்கப்பட்டது.