ராஜபாளையத்தில் ஒரு கனடா எம்எல்ஏ

காலை பத்தரை மணிக்கு மதுரைப் பேருந்து என்னை ஸ்ரீவில்லிபுத்தூரில் இறக்கிவிட்டது. அக்கா வீடு இருக்கும் ராஜபாளையம் இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர். கெட்ட செய்தியோடு வெறுங்கையாகப் போக மனம் வராமல், இருநூறு ரூபாய்க்கு அரைக் கிலோ பால்கோவா வாங்கினேன். வாங்கிய கையோடு என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

செய்தி இதுதான். மேற்குக் கனடாவில் நான் இருக்கும் மாகாணத்தின் போன தேர்தலில், ஒரு வேட்பாளருக்காக ஆறு வாரம் பனியில் காது மரத்துப்போக வீடு வீடாகக் கதவு தட்டினேன். வெல்டர், எலெக்ட்ரீஷியன் போன்றவர்களை மாகாணமே தேர்ந்தெடுத்து அழைக்கும் திட்டத்தை விரிவாக்குவேன் என்றார் அவர். அக்கா மகன் முருகேசன் வெல்டர். என் விலாசத்தைக் கொடுத்து மனுப் போட்டான், நான் கொடுத்த தைரியத்தில் மில் வேலையையும் விட்டான். ஜெயித்து எம்எல்ஏ ஆனதும் அவரே அந்தத் திட்டத்தை மூடுவதற்குச் சட்டமன்றத்தில் வாக்களித்தார். மனு தள்ளுபடி ஆன கடிதம் பத்து நாள் முன்பே எனக்கு வந்துவிட்டது. போனில் சொல்லத் துணிச்சல் இல்லை. நேரில் சொல்வதுதான் மரியாதை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ராஜபாளையத்துக்குப் பன்னிரண்டு ரூபாய் டிக்கெட். பக்கத்தில் வத்திராயிருப்புத் தேங்காய் வியாபாரி ஒருவர். கனடா என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அங்க ஓட்டுக்கு எம்புட்டு குடுக்காவ?”

“ஒண்ணும் குடுக்க மாட்டாங்க.”

“கூடமாட வேல பாத்த ஆளுகளுக்கு?”

“காபி குடுத்தாங்க.”

“அப்ப நாங்க தேவலயே அண்ணாச்சி. ஏமாறுததுக்கு முன்னால கையில கொஞ்சம் வாங்கிக்கிடுதோம்.”

முன் சீட்டுக்காரர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்கா தெருமுனையில் இறங்கியவன் அப்படியே நின்றுவிட்டேன். இரண்டு மின்கம்பங்களுக்கு நடுவே பத்தடிக்கு ஒரு ஃப்ளெக்ஸ். அதில் கோட்டும் டையுமாக எங்கள் எம்எல்ஏ. அவர் தோளில் கைபோட்டபடி நான். வாட்ஸ்அப்பில் நான் பீற்றிக்கொண்டு அனுப்பிய அதே படம். ‘கனடா மண்ணில் வெற்றிவாகை சூடிய மக்கள் தொண்டரே, நன்றி!’ கீழே கைகூப்பியபடி முருகேசன். ‘விரைவில் கனடா செல்லும் மு. முருகேசன்.’

சாப்பிட்டு முடித்ததும் சொல்லிவிட்டேன். அக்கா பால்கோவாவைப் பிரிக்காமலே அலமாரியில் வைத்தாள்.

“எம்எல்ஏ ஒரு லெட்டர் குடுத்தா முடிஞ்சிரும்ல மாமா? போன் போட்டுப் பாருங்களேன்” என்றான் முருகேசன்.

காலேஜ் சீட்டு முதல் தண்ணீர்க் குழாய் வரை இங்கே அந்த லெட்டரில்தான் நடக்கிறது. எங்கள் கனடாவில் அந்த வேலையெல்லாம் செல்லாது என்று ஒவ்வொரு வருகையிலும் பெருமையடித்தவன் நான். இருந்தும், அங்கே எம்எல்ஏ அலுவலகம் திறக்கும் நேரம் பார்த்து இரவு எட்டரை மணிக்கு அழைத்தேன். ஒரு பெண் கனிவாகப் பேசினாள். நான் அவர் தொகுதியில்தான் இருக்கிறேனா என்று சரிபார்த்தாள். கருத்தைக் குறித்துக்கொள்வதாகச் சொன்னாள். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

“என்னலே சொன்னாவ?” என்றாள் அக்கா.

“குறிச்சுக்கிட்டாங்களாம்.”

“குறிச்சுக்கிட்டாவன்னா செய்வாவல்ல?”

“இல்லக்கா. செய்ய மாட்டாங்க.”

முருகேசன் கேட்டான்: “கடுதாசி வந்த அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல மாமா? நேத்துதான் மில்லுல என் எடத்துக்கு வேற ஆள் போட்டாவ. மூணு தடவ கூப்பிட்டாவ. கனடா போறேன்னு சொல்லிட்டேன்.”

அவனுக்கு அந்த எம்எல்ஏ செய்ததைவிட நான் செய்தது பெரிய துரோகம்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கிளம்பினேன். கனடாவில் தேர்தல் முடிந்ததும் வேட்பாளர் பலகைகளை அகற்றிவிட வேண்டும். உறைந்த தரையிலிருந்து நாற்பது பலகைகளை நானே பிடுங்கினேன். வாக்குறுதியின் சுவடே ஊரில் இல்லாமல் செய்துவிடுவோம். இங்கே தெருமுனையில் முருகேசன் ஏணி மேல் கத்தியோடு நின்றான். நான் பக்கத்தில் போவதற்குள் வேலையை முடித்துக்கொண்டு இறங்கிவிட்டான். என் பெட்டியை வாங்கிப் பேருந்தில் ஏற்றினான்.

“போயிட்டு வாங்க மாமா” என்று மட்டும் சொன்னான்.

பேருந்து நகர்ந்தபோது திரும்பிப் பார்த்தேன். தன் படத்தையும் பேரையும் மட்டும் அறுத்து எடுத்திருந்தான். மேலே எம்எல்ஏவும் நானும் தோளில் கைபோட்டுச் சிரித்துக்கொண்டிருந்தோம்.